கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்

மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாள் மாலையில், கல்லூரிப் பெண்கள் இறுதிப்போட்டியில் ரெக்சலின் இடது காலால் அடித்த பந்து, கோல் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் காற்றில் நின்றது. அதை நிறுத்தியது மைக்தான் என்பதில் வல்லந்துறையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஏனென்றால் அந்தக் கரையில் கோயில் மைக் சொல்லிக் கேட்காத பொருள் என்று எதுவும் இருந்ததில்லை. மைக் சொன்னால் கடலுக்குக் கிளம்பிய வள்ளங்கள் திரும்பின, மைக் சொன்னால் ஏலத்துக்கு வைத்த நெய்மீன் விலை படியாமல் வெயிலில் காத்துக் கிடந்தது, மைக் சொல்லும்வரை கல்யாணங்கள் கல்யாணங்கள் ஆகவில்லை, செத்தவர்கள்கூட மைக்கில் பெயர் வந்த பிறகே முழுதாகச் செத்தார்கள். அன்று மைக்கைப் பிடித்திருந்தவர் விழாக் கமிட்டித் தலைவர் கிளீட்டஸ். அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆண்கள் செவன்ஸ் இறுதிப்போட்டியைத் தொடங்கிவைக்க வேண்டிய எம்.எல்.ஏ. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், அவர் உட்கார்ந்த பிறகும் மைதானத்தில் பெண்பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பது கிளீட்டசுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. "பெண்கள் ஆட்டம் இத்துடன் நிறுத்தப்படுகிறது, கிரவுண்டை உடனடியாகக் காலி செய்து தரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று அவர் சொன்னபோது, பந்து ரெக்சலினின் காலை விட்டுக் கிளம்பி, தடுக்க வந்த இரண்டு பேரைக் கடந்து, பாய்ந்து விழுந்த கோல் கீப்பர் முத்துச்செல்வியின் விரல் நுனிகளையும் கடந்து போய்க்கொண்டிருந்தது. அது மைக்கைக் கேட்டது. நின்றது.

நெஞ்சு உயரத்தில் நின்றது. ஆனால் சுழல்வதை நிறுத்தவில்லை. நிற்கச் சொன்னார்களே தவிர, சுழல வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

நடுவர் ஆன்றோஸ், தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், விசிலை வாயில் வைத்தபடி பந்தையே பார்த்தார். கோல் என்று ஊதுவதா, ஆட்டம் முடிந்தது என்று ஊதுவதா என்று தெரியாமல் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மண்ணைத் துப்பிவிட்டு எழுந்த முத்துச்செல்வி, திரும்பிப் பந்தைப் பார்த்து, ரெக்சலினைப் பார்த்தாள். ரெக்சலின் பாதி தூக்கிய கைகளோடு நின்றுகொண்டிருந்தாள். தூக்கிய கையை என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"அது அங்க நிக்கட்டு, ஆருக்கு என்ன எடஞ்சல்?" என்றார் கிளீட்டஸ். இளைஞர்கள் சுண்ணாம்புப் பொடி கொண்டுவந்து மைதானத்தைக் குறுக்காகத் திருப்பிக் கோடு போட்டார்கள், செவன்ஸுக்கான சின்ன கோல்போஸ்ட்டுகளைக் கிழக்கிலும் மேற்கிலும் நட்டார்கள், எம்.எல்.ஏ. பதினான்கு ஆண்களுக்கும் கை கொடுத்தார், வாணவேடிக்கை விட்டார்கள். இரண்டு கல்லூரிகளின் பெண்களும் ஓரத்துக்குப் போய்விட்ட தங்கள் பெரிய கோலுக்குள் வியர்வையோடு உட்கார்ந்து, தலைக்குமேல் சுழலும் பந்துக்கடியில், ஆண்கள் ஆட்டம் முடியும்வரை வேனுக்காகக் காத்திருந்தார்கள்.

அதன் பிறகு ஊர் அந்தப் பந்தைப் பழகிக்கொண்டது. முதல் வாரம் மெழுகுவத்தி ஏற்றினார்கள், கடல் காற்று அணைத்தது. பங்குத்தந்தை வந்து பார்த்து இது ஆசீர்வாதமும் இல்லை சாபமும் இல்லை, பந்து என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வல்லந்துறையின் பலசாலிகள் எல்லாரும் வரிசையில் வந்து தள்ளினார்கள், நங்கூரம் இழுக்கிறவர்கள், எஞ்சினைத் தோளில் சுமந்து கரையேற்றுகிறவர்கள். பந்து யாருக்கும் அசையவில்லை, தள்ளியவர்களின் உள்ளங்கை சூடானதுதான் மிச்சம். ரெக்சலினும் ஒரு காலையில் போய் உதைத்தாள், தலையால் முட்டினாள், முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். கால் பெருவிரல் நகம் பெயர்ந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், "ஒனக்குக்கூட அசையல்லியேடி" என்று சிரித்தார்கள். பங்குத்தந்தை வற்புறுத்தியதன் பேரில் கிளீட்டஸ் ஒருநாள் மைக்கில், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "மைதானத்தில் நிற்கும் பந்து போகலாம்" என்று அறிவித்தார். பந்து போகவில்லை. அந்த மைக்குக்கு நிறுத்தத்தான் தெரிந்திருந்தது.

பிறகு யாரோ ஒரு வலைக்காரர் பந்தின் சுழற்சியைக் கவனித்தார். வேகம் கூடாமல் குறையாமல், கரண்டு போனாலும் நிற்காமல் சுழலும் ஒரு பொருளை ஓர் ஊர் எத்தனை நாள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்? பந்தில் ரப்பர் பட்டை மாட்டி, பட்டையை ஒரு மரக்கட்டைச் சக்கரத்தோடு இணைத்து, நைலான் நூலைச் சுற்றிப் பார்த்தார்கள். முறுக்கு பிசகாமல் நூல் கண்டுகண்டாக வந்தது. ஆறு மாதம் கையால் சுற்றிய நூலை ஒரு வாரத்தில் சுற்ற முடிந்தது. அக்கம்பக்கத்துத் துறைகளிலிருந்தெல்லாம் நூல் வந்தது. அந்தக் கரையில் எது விளைந்தாலும், தென்னையானாலும் சிப்பியானாலும், கோயில் கமிட்டி அதை ஏலத்தில் குத்தகைக்கு விடுவது வழக்கம், பந்தையும் விட்டார்கள். குத்தகை எடுத்தவர் மேலே தகரக் கூரை போட்டார், கோல்போஸ்ட்டில் கொக்கி அடித்து டீத்தூக்கைத் தொங்கவிட்டார்.

டிவிக்காரர்கள் வந்தார்கள். கிளீட்டஸ் பேசினார், குத்தகைக்காரர் பேசினார், அந்தப் பந்தை நாகர்கோவிலில் வாங்கிவந்தவர் பேசினார், வலை கட்டிய பையன்கள் பேசினார்கள். அடித்தது யார் என்று கேட்டபோது, "நம்ம ஊர்ப் பிள்ளதான், வீட்டுல இருக்கா, கூச்சப்படுவா" என்றார் கிளீட்டஸ். ரெக்சலின் அப்போது கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முக்குச் சந்திப்பில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்: வல்லந்துறையின் பெருமை, நடுவில் பந்து, சுற்றிலும் கமிட்டி ஆண்களின் வட்ட வட்ட முகங்கள், மேலே எம்.எல்.ஏ. ஊரிலுள்ள மீசைகள் எல்லாம் அதில் இருந்தன.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ரெக்சலினுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பெங்களூருக் கிளப் ஒன்றின் பயிற்சியாளர், கோலார் பக்கத்துத் தமிழ்ப் பெண்மணி, பல்கலைக்கழகப் போட்டிகளில் அவள் ஆடியதைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்திருந்தார். சம்பளம், தங்குமிடம், தேசிய லீக். "ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உன் பேரை வெச்சிருப்பேன், அதுக்குள்ள உங்க மாவட்ட ஃபுட்பால் சங்கத்துல விடுவிப்புக் கடிதம் வாங்கிட்டு வந்துரு." அவ்வளவுதான். கல்லூரி ஆட்டக்காரி என்ற பதிவிலிருந்து அவளை விட்டுவிட்டோம் என்று நாலு வரி.

சங்கச் செயலாளர் தங்கையனின் அலுவலகம் நாகர்கோவிலில் ஒரு பேக்கரி மாடியில் இருந்தது. அவள் போனபோது அவர் ரஸ்க்கை டீயில் முக்கிக்கொண்டிருந்தார்.

"ஆட்டம் முடிஞ்சாத்தான் பிள்ளே டோர்ணமெண்ட் முடியும். டோர்ணமெண்ட் முடிஞ்சாத்தான் நீ காலேஜ் பிளேயர் இல்லாம ஆவ. அதுக்குப் பெறவுதான் லெட்டரு."

"ஆட்டத்தை நிறுத்தினது நீங்கதானே சார்?"

"நிறுத்தினது வேற. முடிச்சது வேற."

"அப்போ திரும்ப நடத்துங்க."

"எப்பிடி நடத்த? பந்து நிக்குதில்லா. அது இன்னும் ஆட்டத்துல இருக்க பந்து. அத அங்க வெச்சிட்டு இன்னொரு பந்தை எறக்க ரூல் கெடையாது."

"அப்போ கோல் குடுங்க."

"கோட்டைத் தாண்டல்லியே. முழுப் பந்தும் தாண்டணும், அதாக்கும் ரூலு." ரஸ்க் உடைந்து டீயில் விழுந்தது, அவர் அதை ஸ்பூனால் தேடினார். "இப்போ என்ன அவசரம் ஒனக்கு? பி.எட். படி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல டீச்சர் வேல கெடைக்கும். பொம்பளப் பிள்ளைக்கு அது போராதா?"

"பந்து தாண்ட விடல்லியே சார் நீங்க" என்றாள் ரெக்சலின். அவர் ஸ்பூனைப் பார்த்துக்கொண்டே, அது கமிட்டி விஷயம், சங்கத்து விஷயம் இல்லை என்றார்.

அதே திருவிழாவில் ஆண்கள் இறுதிப்போட்டியில் ஆடிய ஒரு பையனைக் கேரளக் கிளப் ஒன்று எடுத்தது. அவனுடைய விடுவிப்புக் கடிதத்தைத் தங்கையன் காரில் போய்க்கொண்டே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கோயில் மைக் அவனுக்கு வாழ்த்துச் சொன்னது.

ரெக்சலின் தினமும் காலையில் ஈரமணலில் ஓடினாள். இன்னொரு பந்தை வைத்துத் தனியாக அடித்தாள், அடித்த பந்தைத் தானே போய் எடுத்துவந்தாள். ஓடும்போதெல்லாம் தகரக் கூரைக்கடியில் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. ஒருநாள் அந்தக் கூரைக்கடியில் தன் அம்மா மரிய புஷ்பம் நூல் மூட்டையோடு வரிசையில் நிற்பதைப் பார்த்து அவளுக்கு ஓட்டம் நின்றுவிட்டது. மீன் விற்றுத் திரும்பிய அலுமினியப் பாத்திரம் அம்மாவின் இடுப்பில் இருந்தது.

"அம்மா, நீயுமா?"

"எல்லாரும் சுத்துதாவ. எனக்க மவளுக்க காலு சுத்துத சக்கரம், நான் மட்டும் வீட்டுல இருந்து கைநோவச் சுத்தணுமா?"

"ஒங்கிட்டயும் காசு வாங்கினாவளா?"

"வாங்காம?"

"அதும்மேல ஒரு வார்த்தை கேக்கல்லியா நீ?"

"கேட்டேன். குத்தகை குத்தகைதான்னான்." அம்மா நூல் மூட்டையைக் கீழே வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைத் திரும்ப எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையை விட்டு நடந்தாள். கூடவே நடந்த ரெக்சலின் தன் இடது தொடையைக் குத்திக்கொண்டே வந்தாள், வலி எடுத்த இடத்தைக் குத்துவதுபோல. அவளுடைய ஒரே ஓர் உதை, அவளுக்குக் கோல் ஆகாத உதை, மாதக்கணக்கில் ஊருக்கெல்லாம் நூல் முறுக்கிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் போனால் ஊருக்கு நஷ்டம். ஆகவே அந்த ஆட்டம் முடிய வேண்டும் என்று அவளைத் தவிர வல்லந்துறையில் யாருக்கும் ஆசை இல்லை.

ஆகஸ்ட் நடுவில், மழை ஓய்ந்த ஒரு மதியம், முத்துச்செல்வி பஸ்ஸில் வந்து இறங்கினாள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளக்காரர் வீட்டுப் பெண், அன்று எதிரணிக் கோலில் நின்றவள். வந்தவள் குசலம் விசாரிக்கவில்லை. நேராக மைதானத்துக்குப் போய்ப் பந்தைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரமானதால் சக்கரத்தில் யாரும் இல்லை.

"அன்னைக்கு மட்டும் அந்த ஆளு கத்தலன்னா, இதைத் தட்டி விட்டிருப்பேம்லா."

"தட்டிக் கிழிச்ச. நீ தரையில கெடந்த. வாயில மண்ணு."

"விழுந்தா என்னட்டி, கால் இருக்குல்லா எனக்கு? காலை நீட்டியிருப்பேன்."

"ஒனக்க காலு அந்தப் பக்கம் இருந்து. பந்து இந்தப் பக்கம்."

"நீ அடிச்சதே கணுக்காலுல பட்டு வந்துச்சி. நேரா அடிச்சிருந்தா நான் பிடிச்சிருப்பேன்."

"கணுக்காலா? எடி, வளைச்சு அடிச்சேன்டி அத!"

ரெக்சலின் கத்தினாள், கத்திக்கொண்டே சிரித்துவிட்டாள். இத்தனை மாதத்தில் அந்தப் பந்தை ஒரு பந்தாக வைத்து அவளிடம் சண்டை போட்ட முதல் ஆள் இவள்தான்.

முத்துச்செல்விக்குக் காவல்துறை அணியில் தேர்வு நடந்து முடிந்திருந்தது. தேர்வுக்கு வந்தவர்களில் அவள்தான் நல்ல கீப்பர் என்று அவர்களே சொன்னார்கள். உன் ஆட்டம் ஒன்று நிலுவையில் இருக்கிறது, முடித்துவிட்டு வா என்றும் சொன்னார்கள். இரண்டு அணியிலும் எல்லாருக்கும் அதுதான் நிலை. அவள் வழக்கம்போல முதுகைக் கோல்போஸ்ட்டில் சாய்த்தாள். மழையில் மணல் இளகியிருந்ததால் போஸ்ட் லேசாக ஆடியது. அவள் திரும்பி, இரண்டு கையாலும் பிடித்து, பல் ஆடுகிறதா என்று பார்ப்பதுபோல் ஆட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, பந்துதான வராது? போஸ்ட்டைக் கூட்டிட்டுப் போவோம்."

ரெக்சலின் பந்தையும் போஸ்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒனக்குத் தோல்வி ஆயிருமே."

"ஆவட்டும். தோத்தாத் தோத்துட்டான்னு சொல்லி ஆளை விடுவாம்லா. இப்போ தோக்கவும் இல்ல, ஜெயிக்கவும் இல்ல, இந்தச் சனியன் மாதிரி நின்னுக்கிட்டுக் கெடக்கேன்."

அந்த வாரம் முழுக்க அவர்கள் ஃபோன் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் பெண்கள் வந்தார்கள், இரண்டு கல்லூரிகளின் பெண்களும், பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும், ஒருத்தி ஜவுளிக்கடைச் சீருடைச் சேலையோடு முதலாளியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு, ஒருத்தி மாமியாரிடம் ஜெபக்கூட்டம் என்று சொல்லிவிட்டு. கல்யாணமாகி வயிறு தள்ளியிருந்த ஒருத்தியைத் தூக்க விடாமல் சுண்ணாம்பு வாளியைக் கையில் கொடுத்தார்கள். சேலைக்கும் சுடிதாருக்கும் மேலேயே பழைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டார்கள். ஆன்றோஸ் வாத்தியாரையும் கூப்பிட்டிருந்தார்கள். முடியாத ஆட்டத்தின் நடுவர் என்பதால் வேறெந்த ஆட்டத்துக்கும் அவரை யாரும் அழைப்பதில்லை. அவர் கறுப்பு உடுப்பைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"கோல்போஸ்ட்டை நகர்த்தப்பிடாதுன்னு ரூல் இருக்கே, பிள்ளையளே" என்றார்.

"பந்து காத்துல நிக்கப்பிடாதுன்னு இருக்கா சார்?" என்றாள் ரெக்சலின்.

அவர் யோசித்தார். கடலைப் பார்த்து யோசித்தார், தகரக் கூரையைப் பார்த்து யோசித்தார். "எதிர் டீம் ஆட்சேபம் சொன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று மட்டும் சொன்னார்.

தகரக் கூரையைப் பிரித்தார்கள், ரப்பர் பட்டையைக் கழற்றினார்கள். கழற்றியதும் பந்து கொஞ்சம் வேகமாகச் சுழன்றது. மரிய புஷ்பம் தன் அலுமினியப் பாத்திரத்தோடு வந்து போஸ்ட்டின் அடியில் மணலை அள்ளத் தொடங்கினாள், அவளோடு மீன் விற்கிறவர்கள் நாலைந்து பேர் மறு போஸ்ட்டுக்குப் போனார்கள். பாதி தோண்டுவதற்குள் ஊர் கூடிவிட்டது. மாலை ஆட்டத்துக்கு வந்த இளைஞர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை விட்டுவிட்டு அருகில் வந்தார்கள்.

"அக்கா, தள்ளுங்க, நாங்க தூக்குதோம். ஒங்களால ஆவாது."

"தொடாத லே" என்றாள் ரெக்சலின். "தொட்டா நாளைக்கி ஃப்ளெக்ஸ் வெப்பீங்க."

கிளீட்டஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "ஆரைக் கேட்டு இதுல கைய வெச்சிய? குத்தகை இன்னும் முடியல்ல, கேட்டியளா!"

"குத்தகைக்கு விட்டது பந்தையாக்கும். போஸ்ட்டை இல்ல."

"ஊருக்குப் பொழப்பு இது! ஒரு பிள்ளைக்காக ஊருப் பொழப்புல மண்ணள்ளிப் போடுவியளா?"

மரிய புஷ்பம் நிமிர்ந்தாள். பாத்திரத்தில் உண்மையிலேயே மண் இருந்தது. "லே கிளீட்டசு, அந்தச் சக்கரத்துக்கு நான் குடுத்த காசு, எனக்க மவளுக்க காலுக்கு நான் குடுத்த வாடகை. அதத் திரும்பக் கேக்கல்ல. கொஞ்சம் தள்ளி நில்லு, மணலு ஒம்மேல விழும்."

அவர் தள்ளி நிற்கவில்லை, கோயிலுக்கு ஓடினார். பெண்கள் குனிந்து, குறுக்குக் கம்பியோடு இரண்டு போஸ்ட்டுகளையும் செங்குத்தாகவே தோளில் வாங்கி, ஒன்றாக மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். இரும்புக் குழாய்கள் மணலிலிருந்து உறிஞ்சும் சத்தத்தோடு வெளியே வந்தன. ஒரு சாண் முன்னால் போனால் போதாது, முழுப் பந்தும் தாண்ட வேண்டும், வலை வேறு பின்னால் இழுபட்டது. முதல் அடி வைக்கக் காலைத் தூக்கியபோது மைக் அலறியது.

"மைதானத்தில் கோல்போஸ்ட்டைத் தூக்கும் பெண்கள் உடனடியாக அதை நிறுத்தும்படி கமிட்டி எச்சரிக்கிறது!"

நின்றார்கள். வேண்டுமென்று நிற்கவில்லை, அந்தக் கரையில் பிறந்து வளர்ந்த கால்கள் தாமாகவே நின்றன. தூக்கிய கால் தூக்கியபடி, பிடித்த மூச்சு பிடித்தபடி, மரிய புஷ்பத்தின் பாத்திரத்திலிருந்து சரிந்த மணல் பாதி வழியில் தொங்கியபடி. கரைக்கு வந்த அலை மடியாமல் நின்றது. இரும்புக் குழாய் தோளில் இரண்டு மடங்காகக் கனத்தது. ரெக்சலினுக்கு நாக்குக்கூட அசையவில்லை. கண் மட்டும் பந்தைப் பார்த்தது, அது அவள் முகத்துக்கு எதிரே, அவள் அடித்த அதே வேகத்தில், அவளைச் சட்டை பண்ணாமல் சுழன்றுகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அடிவயிற்றிலிருந்து கோபம் ஏறியது. மைக் மேல் இல்லை, கிளீட்டஸ் மேல்கூட இல்லை, சொன்னதும் நின்றுவிட்ட தன் கால் மேல்.

"ஏட்டி, என்ன சிலை மாதிரி நிக்கீங்க?" என்றாள் முத்துச்செல்வி வலது போஸ்ட்டுக்கு அடியிலிருந்து. "எங்க ஊர்ல மைக்குல சினிமாப் பாட்டுதான் போடுவாவ. நட!"

அவள் ஓர் அடி வைத்தாள். அவளுடைய அணிப் பெண்கள் வைத்தார்கள். குழாய் அவர்கள் பக்கம் இழுபட, இடது போஸ்ட்டைச் சுமந்த ரெக்சலின் விழாமலிருக்கக் கால் வைத்தே ஆகவேண்டியிருந்தது. வைத்தாள். வைத்த பிறகு அடுத்தது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவள் வாய் திறந்து, கோபத்தையெல்லாம் சேர்த்து ஒரு சத்தம் போட்டாள், அது வார்த்தை இல்லை, வள்ளம் இழுக்கும்போது ஆண்கள் போடும் சத்தம். எல்லாப் பெண்களும் போட்டார்கள், மரிய புஷ்பத்தின் மணல் கீழே விழுந்தது, அலை மடிந்தது. மைக் கத்திக்கொண்டே இருந்தது. அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி முன்னால் பின்புறமாக நடந்து, போஸ்ட்டுகளுக்குக் கீழே புதுக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பந்து கோட்டுக்கு மேல் வந்தது, கோட்டுக்குப் பின்னால் போனது, வலையைத் தொட்டது. தொட்டதும் அத்தனை மாத வேகமும் வலையைப் பின்பக்கமாக உந்தித் தள்ளியது, வலை கடல்பக்கம் உப்பி, சுமந்தவர்களைத் தள்ளாட வைத்து, பிறகு தளர்ந்தது. பந்து மணலில் தொப்பென்று விழுந்தது. காற்று கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார் ஆன்றோஸ்.

"தோளு வலிக்கி சார்" என்றாள் முத்துச்செல்வி. "சீக்கிரம் ஊதுங்க."

அவர் ஊதினார். ரெக்சலினின் கைகள் போஸ்ட்டைச் சுமந்துகொண்டிருந்ததால் தூக்க முடியவில்லை.

ஆட்டத்தில் இன்னும் நேரம் மிச்சமிருக்கிறது என்று ஆன்றோஸ் சொன்னார், அவர் அப்படிப்பட்ட நடுவர். போஸ்ட்டை அங்கேயே நட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடினார்கள். முத்துச்செல்வியின் அணி சமன் செய்யத் தலைகீழாக நின்றது, இரக்கம் என்று ஒன்றைக் காட்டவில்லை, கடைசி நிமிடத்தில் ரெக்சலின் பின்னால் ஓடிவந்து கோட்டில் விழுந்து ஒரு பந்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஜவுளிக்கடைக்காரியின் முன்பல் ஆடியது. பல்வலி உண்மையாகிவிட்டது என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நீண்ட விசில். ஒன்றுக்கு பூஜ்யம்.

தங்கையன் ஆகஸ்டின் கடைசி வேலைநாள் வரை இழுத்தார். ஆன்றோஸ் முடிவை எழுதிக் கொடுத்துவிட்டதால் அதற்குமேல் அவரால் இழுக்க முடியவில்லை. கடிதத்தைக் கொடுக்கும்போது, "சங்கம் ஒனக்குச் செய்த உதவிய மறக்காத" என்றார். அவள் கடிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள்.

வல்லந்துறை அதையும் பழகிக்கொண்டது. குத்தகைக்காரருக்குக் கமிட்டி பந்துக்குப் பதிலாக ஏதோ மரத்தைக் காட்டியது, நூலை மறுபடி கையால் சுற்றினார்கள், முக்குச் சந்திப்பில் புது ஃப்ளெக்ஸ் வந்தது: கோல்போஸ்ட்டை நகர்த்திச் சாதனை படைத்த வல்லந்துறை இளைஞர்கள். அம்மா ஃபோனில் அதைச் சொன்னாள்.

"ஒனக்க படமும் போட்டிருக்காவ பிள்ளே."

"எங்க?"

"கீழ மூலையில. காலு மட்டும்."

பெங்களூரில் முதல் ஆட்டத்தில் அவளை இரண்டாம் பாதியில் இறக்கினார்கள். வந்த சற்று நேரத்தில் இடதுபுறம் பந்து கிடைத்தது. வெட்டித் திரும்பி அடித்தாள், நல்ல அடி, கீப்பர் அசையக்கூட இல்லை. அடித்தவர்கள் அந்த இடத்தில் நின்று பார்ப்பார்கள், கை தூக்குவார்கள், தோழிகளிடம் ஓடுவார்கள். அவள் பந்துக்குப் பின்னால் ஓடினாள். கீப்பரைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, வலையில் போய் மோதி, விழுந்த பந்தை இரண்டு கையாலும் மணலில்லாத அந்தப் பச்சைப் புல்லில் அழுத்திப் பிடித்தாள். கூட்டம் சிரித்தது. அடுத்த ஆட்டத்திலும் அதையே செய்தாள். அதற்கடுத்த ஆட்டத்திலும்.

"பந்துதான் போயிடுச்சே, நீ எதுக்கும்மா பின்னாலயே ஓடுறே? தசை பிடிச்சுக்கப் போகுது" என்றார் பயிற்சியாளர்.

"நின்னு பாத்தா ஆராவது நிறுத்திருவாவ மேடம்."

பயிற்சியாளர் சிரித்தார், இது ஏதோ வேடிக்கை என்று நினைத்து. அவள் சிரிக்கவில்லை. அவள் இப்போதும் அப்படித்தான் ஆடுகிறாள். அடிக்கிறாள், அடித்த கால் தரையில் படுவதற்குள் ஓடத் தொடங்குகிறாள், வழியில் யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் ஓடி, முழுப் பந்தும் கோட்டைத் தாண்டியதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கையைத் தூக்குகிறாள், முழுதாக.